முழங்கால் தேய்வும் மூலக்கல ஊசியும்

தராவீஹ் தொழ வரும் தாய்மாரில் கதிரை கேட்போர் தொகை வருடா வருடம் கூடுகிறது. அமர்ந்து தொழ மார்க்கம் இடம் தந்திருக்கிறது. ஆயினும் சுஜூதில் நெற்றி நிலம்படவில்லையே என்று கண்கலங்குவோர் உண்டு. அண்மையில் ஒரு சகோதரி கேட்டார்: “ஹஸரத், உம்மாவின் முழங்காலுக்கு மூலக்கல ஊசி போடலாம் என்கிறார்கள். காப்புகளை விற்றால் காசு சேரும். அது ஹலாலா?”

ஹலாலா என்பதற்கு முன், பலனுண்டா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மூட்டில் எலும்போடு எலும்பு உராயாமல் காப்பது கசியிழையம். வல்லவன் படைப்பில் இது ஒரு விசித்திரம். இதில் இரத்தக் குழாயுமில்லை, நரம்புமில்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது நோவு தெரியாது. தேய்ந்ததை ஆற்ற இரத்தமும் வராது. இது அழிந்தால் மீளாது என்று லண்டன் வைத்தியர் வில்லியம் ஹண்டர் 1743 இலேயே எழுதிவிட்டார்.

சுவீடனின் கோதன்பர்க் வைத்தியர்கள் 23 நோயாளிகளின் சொந்தக் கசியிழையக் கலங்களை எடுத்துப் பெருக்கி, பழுதான இடத்தில் வைத்துப் பார்த்ததை 1994 இல் வெளியிட்டனர். அது ஓரிடத்தில் விழுந்த பள்ளத்துக்கான வைத்தியம். மூட்டு முழுவதும் தேய்ந்ததற்கல்ல.

மூலக்கலம் என்பது பலவகைக் கலங்களாக மாறக்கூடிய கலம். என்பு மச்சையிலும் கொழுப்பிலும் தொப்புள்கொடி இரத்தத்திலும் கிடைக்கிறது. இதைக் கசியிழையமாக வளர்த்தால், அந்நிலையில் நில்லாமல் எலும்பாகும் வழியில் போகப் பார்க்கிறது. ஆய்வாளரைப் பல வருடங்களாக அலைக்கழிப்பது இதுதான். தென் கொரியா 2012 இல் தொப்புள்கொடி இரத்தக் கலங்களாலான சிகிச்சை ஒன்றை அனுமதித்தது. அதுவும் சத்திரசிகிச்சை செய்து வைப்பது, வெறும் ஊசியல்ல. அமெரிக்க மருந்து நிர்வாகமோ முழங்கால் தேய்வுக்கென எந்த மூலக்கல மருந்தையும் இதுவரை அங்கீகரிக்கவில்லை. துண்டுப் பிரசுரங்களில் இதைப் போடமாட்டார்கள்!

ஜப்பானின் யமனாகா 2006 இல் எலியின் சாதாரண கலத்தையும், அடுத்த வருடம் மனிதரின் தோற்கலத்தையும் மூலக்கல நிலைக்குத் திருப்பினார். இதனால் நோயாளியின் கலத்திலிருந்தே கசியிழையம் வளர்த்து நோயை ஆராய வழி பிறந்தது. இன்னொரு பக்கம், ஸ்கேன் படங்களிலிருந்து கணனிக்குள் ஒரு முழங்காலை அமைத்து, எங்கே பாரம் அழுத்துகிறது என்று பார்க்கிறார்கள். நடக்கும்போது உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் அங்கே இறங்குகிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ நான்கு கிலோ பாரம் குறையுமென 2005 இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை, மக்காவின் ராபிதா பிக்ஹு சபை 2003 இல் தொப்புள்கொடியிலிருந்தும், சம்மதத்துடன் வளர்ந்தவரிடமிருந்தும் மூலக்கலம் எடுப்பதை அனுமதித்தது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது. ஆகவே அச்சகோதரிக்குச் சொன்னேன்: “ஹலால்தான் மகள், ஆனால் காப்பை விற்காதீங்க. முதலில் உம்மாவை எலும்பு வைத்திய நிபுணரிடம் காட்டுங்க.”

உம்மா இப்போது சுபஹுக்குப் பின் கதிரையில் அமர்ந்து, நிபுணர் சொன்னபடி காலை நீட்டி மடக்குகிறாராம்.