அம்மாவோடு சேர்த்து எதை எடுத்துப் போவது?

டிமென்ஷியா முற்றிய அம்மாவை ஒரு ஹோமில் சேர்க்கலாம் என்று பேச்செடுத்ததுமே வீட்டில் எழுகிற கேள்விகள் இரண்டு: எவ்வளவு ஆகும்? நாலு பேர் என்ன சொல்வார்கள்? 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்த நாலு பேரில் ஒருவர் வீட்டிலும் இது இருக்கலாம். கேட்க வேண்டிய மூன்றாவது கேள்வி வேறு: புது இடத்துக்கு அம்மாவோடு எதையெல்லாம் எடுத்துப் போவது?

டிமென்ஷியாவுக்குப் பரவலான காரணமான அல்சைமர் நோயில், புது நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆரம்பத்திலேயே அடிபடுகிறது. பாத்ரூம் எந்தப் பக்கம் என்று பத்து முறை சொன்னாலும் மனதில் நிற்காது. ஆனால் கைப்பழக்கமும் பழைய பாட்டும் நெடுநாள் தங்கும், பேசுகிறவர் குரலில் உள்ள கனிவும் எட்டும். மகள் பெயரை மறந்தவர் டபராவைக் கையில் கொடுத்தால் காபியை ஆற்றுவார். எனவே பெட்டியோடு பழக்கங்களும் போக வேண்டும்.

போவதற்கு முன்

மருத்துவ ஃபைலோடு ஒரு பக்கத் தாளும் தயார் செய்யுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், சோறு எவ்வளவு குழைய வேண்டும், என்ன சொன்னால் குளிக்க வருவார், எந்தப் பக்கம் படுத்தால் தூங்குவார். வலியைச் சொல்லத் தெரியாதவர் முந்தானையைப் பிசைந்துகொண்டே இருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

ஹோமைச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். நோய் முற்றும்போது விழுங்குவது சிரமமாகும். உணவு நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். நிமிர்த்தி உட்காரவைத்து, அவசரப்படாமல் ஊட்டுகிறார்களா? இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள்? படுத்த படுக்கையாக இருப்பவரைப் புண் வராமல் அவ்வப்போது திருப்பிப் படுக்கவைக்கிறார்களா?

போகும் நாள்

பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும். அதனால் காலை டிபன் முடிந்ததும் கிளம்புங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். சொன்னது மறந்துவிடும், பதற்றம் மட்டும் தங்கிவிடும். அவருடைய தலையணை, பழைய போர்வை, டம்ளர் முன்னமே அந்த அறைக்குப் போய்விடட்டும். வீட்டில் சுவர் வலப்பக்கம் என்றால் இங்கேயும் கட்டிலை அப்படியே போடச் சொல்லுங்கள்.

போன பிறகு

"வீட்டுக்குப் போகணும்" என்பார். "இனிமே இதுதாம்மா வீடு" என்று வாதாடிப் பயனில்லை. அவர் தேடுவது பெரும்பாலும் சின்ன வயது வீடு. கையைப் பிடித்துக்கொண்டு, "அங்க கொல்லையில என்ன மரம்மா இருந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் குரல் போய்ச் சேரும்.

அவர் நிலை ஓரிரு நாளில் திடீரென மோசமானால், 'புது இடம், பழகிவிடும்' என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புது மாத்திரை என எதுவும் காரணமாக இருக்கலாம். டாக்டரைக் கூப்பிடுங்கள். அமைதிப்படுத்த மாத்திரை தருகிறோம் என்றால், எதற்காக, எத்தனை நாளுக்கு என்று கேளுங்கள். அவற்றில் சில, கீழே விழும் ஆபத்தையும் பக்கவாத ஆபத்தையும் கூட்டும். முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

போவதற்கு முன் எழுதிய அந்த ஒரு பக்கத் தாளைக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள். இரவு டியூட்டிக்கு வருகிறவரும் படித்துவிட்டாரா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.