உங்களுக்குத் தெரியுமா? பைக்கின் ஷாக்கிலும் எடைக்கேற்ற படிகள் உண்டு!

■ கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கி.மீ. போய் இறங்கும்போது இடுப்பு வலிக்கிறதா? சீட்டை மாற்றுமுன் பின்சக்கர ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். பெரும்பாலான பைக்குகளில் ஸ்பிரிங்கின் ஓரத்தில் படிகளாக வெட்டிய வளையம் ஒன்று இருக்கும்.

■ கொக்கி ஸ்பேனரால் அதைத் திருப்பி மேல் படிக்குக் கொண்டுபோனால், ஸ்பிரிங் முன்கூட்டியே அழுந்தி, வண்டியின் பின்பக்கம் உயரும். ஸ்பிரிங்கின் கெட்டித்தன்மை மாறாது. ஆள் ஏறியதும் வண்டி எவ்வளவு தாழும் என்பதே மாறும்.

■ கடலூர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றுபவருக்கும், நடராஜர் கோயிலுக்கு ஜோடியாகப் போகிறவர்களுக்கும் மேல் படி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாகப் போகும் மாணவருக்குக் கீழ்ப் படி. மேல் படியில் தனியாக ஓட்டினால் சின்னக் குழியும் முதுகில் இடிக்கும். கீழ்ப் படியில் இருவர் ஏறினால் வேகத்தடையில் ஷாக் அடிமுட்டும். ஹெட்லைட் வெளிச்சமும் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும்.

■ 1940-களில் பல பைக்குகளுக்குப் பின்சக்கர ஸ்பிரிங்கே கிடையாது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், பின்சக்கரத்தை மேலும் கீழும் அசையவிடும் ஸ்விங் ஆர்முடன் வந்த ராயல் என்ஃபீல்டு புல்லட், 1950-களின் நடுவிலிருந்து சென்னையில் தயாரானது.

■ இரட்டை ஷாக் என்றால் இரண்டும் ஒரே படியில் இருக்க வேண்டும். டயர் காற்றை, வண்டி ஓடிச் சூடாகுமுன் பாருங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் படி மாற்றிப் பயனில்லை. உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.