ஆபேலிடம் காயீன் என்ன சொன்னான்?

கேள்வியைக் கேட்டுவிட்டு, யாரையும் உடனே வாய் திறக்க விடமாட்டார் நெஹமா லைபோவிட்ஸ். முதலில் எல்லோரும் நோட்டில் பதில் எழுத வேண்டும். பழுப்பு நிற உடை, தலையில் ஒரு பெரே தொப்பி. அந்த அம்மையார் வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொருவர் நோட்டையும் குனிந்து பார்ப்பார். சரியென்றால் சரி என்பார். தப்பென்றால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, மறுபடி படிக்கச் சொல்வார். சுற்றி முடித்த பிறகுதான் பேச்சு தொடங்கும்.

எழுதியவர்கள் சின்னப் பிள்ளைகள் அல்ல. இஸ்ரேலில் அவரிடம் பைபிள் படிக்க வந்த பெரியவர்கள்.

இது என்ன பள்ளிக்கூடப் பழக்கம் என்று தோன்றலாம். ஏதாவது ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள், காரணம் புரியும். எப்போதும் பேசுகிற இரண்டு பேர் உடனே ஆரம்பித்துவிடுவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் ஒரு நல்ல யோசனை இருந்திருக்கலாம். அது வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். நோட்டில் எழுதியவர் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. அவர் கையில் ஒரு பதில் இருக்கிறது.

யூதர்களின் வழிபாட்டில் தோரா வாசிப்பு முக்கியமானது. மோசேயின் ஐந்து ஆகமங்களையும் வாரம் ஒரு பகுதியாகப் படித்து, வருடத்தில் ஒரு சுற்று முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஜெப ஆலயத்தில் வாசிப்பதோடு நிற்காமல், சமூகக் கூடத்திலும் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அந்தப் பகுதியை வைத்துப் பேசுவது பல இடங்களில் வழக்கம். அந்தப் பேச்சை எப்போதும் ரப்பியே நடத்துவதில்லை. ஒரு டாக்டரோ, ஓய்வுபெற்ற ஆசிரியையோ, கல்லூரி மாணவரோ நடத்தலாம். பிரசங்கம் செய்வது ஒரு திறமை. பத்துப் பேரைப் பேச வைப்பது முற்றிலும் வேறு. அதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தபாலில் வந்த கேள்விகள்

நெஹமா 1905-ல் ரீகா நகரில் பிறந்தவர். ஜெர்மனியில் முனைவர் பட்டம் வாங்கி, 1930-ல் பாலஸ்தீனத்தில் குடியேறினார். அவரிடம் சில மாதங்கள் படித்த கிபுட்ஸ் பெண்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று கேட்டார்கள். 1942-ல் வாரம் ஒரு தாளில் கேள்விகளை எழுதி அனுப்ப ஆரம்பித்தார். கடினமான கேள்விக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, மிகக் கடினம் என்றால் இரண்டு. விடை எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் திரும்ப அனுப்புவார். ராணுவ வீரர்கள், இல்லத்தரசிகள், தொழிலாளிகள் என்று ஆயிரக்கணக்கான விடைத்தாள்கள் வந்து குவிந்தன. ஏறக்குறைய 30 வருடங்கள் இது நடந்தது. இவ்வளவையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தினார் என்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

அவருடைய கேள்விகளில் பிரபலமானது, "ராஷிக்கு என்ன சிக்கல்?" என்பது. ராஷி 11-ம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த உரையாசிரியர். வசனத்துக்கு இரண்டே வரியில் விளக்கம் எழுதிவிட்டுப் போய்விடுவார். ஏன் அங்கே விளக்கம் தேவைப்பட்டது என்று சொல்ல மாட்டார். வசனத்தில் எந்தச் சொல் அவரை நிறுத்தியது என்று மாணவர்தான் தேட வேண்டும். பதில் கையில் இருக்கிறது, கேள்வியைக் கண்டுபிடி என்கிற விளையாட்டு அது. விளையாடுகிறவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

புதிதாகக் கலந்துரையாடல் நடத்த வருகிறவர் சறுக்குவது பெரும்பாலும் கேள்வியில்தான். காயீன், ஆபேல் கதையை எடுத்துக்கொள்வோம். "பொறாமை கெட்டதா?" என்று கேட்டால், ஆமாம் கெட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு நிமிடத்தில் கூட்டம் படுத்துவிடும்.

அதே கதையில் ஒரு விநோதம் இருக்கிறது. எபிரேய மூலத்தில், கொலைக்குச் சற்று முன்பு காயீன் தன் தம்பியிடம் சொன்னான் என்று வருகிறது. என்ன சொன்னான் என்பது இல்லை. வாக்கியம் அப்படியே அறுந்து, அடுத்ததாக இருவரும் வயலில் நிற்கிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பும், பேசினான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்போ, வயலுக்குப் போகலாம் என்று அவன் கூப்பிட்டதாக இட்டு நிரப்பிவிட்டது.

"காயீன் என்ன சொல்லியிருப்பான்?" இப்படிக் கேட்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். மன்னிப்புக் கேட்க வந்திருப்பானா? மிரட்டினானா? ஒன்றுமே சொல்ல வாய் வராமல்தான் கை ஓங்கினானா? பழைய ரப்பிகளும் இந்த இடத்தில் நின்று யோசித்திருக்கிறார்கள். நிலம் ஒருவனுக்கு, மற்றதெல்லாம் இன்னொருவனுக்கு என்று சொத்துப் பிரித்ததில் வந்த சண்டை என்றார் ஒருவர். யார் எல்லையில் கோயில் கட்டுவது என்பதில் வந்தது என்றார் இன்னொருவர். ஒரு பெண்ணுக்காக வந்தது என்றும் ஒரு கருத்து உண்டு. அண்ணன் தம்பி தகராறு எதிலிருந்து கிளம்பும் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இந்த இடத்தில் பேச்சு சொந்தக் கதைக்குத் தாவும். தாவட்டும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் அங்கேயே தங்கிவிட்டால் வீட்டுப் புலம்பலாகிவிடும். "நீங்கள் சொல்வது எந்த வரியில் இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டால் போதும், எல்லோரும் தாளுக்குத் திரும்பிவிடுவார்கள்.

பெரிய கூட்டம் என்றால் முதலில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து உட்கார வைப்பது உண்டு. ஹவ்ருதா என்று பெயர். தோழமை என்று பொருள். ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றவர் குறுக்குக் கேள்வி கேட்பார். தல்மூத் படிக்கும் கூடங்களில் காலம் காலமாக இருக்கும் முறை இது. இதற்குப் பழகியவர்களின் படிப்பறை சந்தைக்கடை மாதிரி இரையும். நாற்பது பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவர், ஒரே ஒருவரிடம் பேசிவிடுவார். பேசிப் பார்த்த கருத்தைப் பிறகு சபையில் சொல்லத் தைரியம் வரும்.

அறிஞர்தான் நடத்த வேண்டுமா?

இல்லை என்று துணிந்து சொன்னவர் ஃபிரான்ஸ் ரோசென்ஸ்வைக். 1920-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பெரியவர்களுக்காக ஒரு யூதக் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். படித்து, நல்ல வேலையில் இருந்து, ஆனால் தங்கள் மரபு நூல்களை விட்டு வெகுதூரம் போய்விட்டவர்களுக்கான இடம் அது. ரோசென்ஸ்வைக்கே ஒரு கட்டத்தில் கிறிஸ்தவராக மாறும் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்றில்லாமல், விலகி நின்றவர்களே சேர்ந்து தேட வேண்டும் என்று நினைத்தார். அங்கே பைபிள் வகுப்பு எடுத்த எடுவார்ட் ஷ்ட்ராவுஸ் ஒரு வேதியியலாளர்.

ரோசென்ஸ்வைக்கை 1922-ல் உடலைப் படிப்படியாக முடக்கும் நரம்பு நோய் தாக்கியது. 1929-ல் இறந்துபோனார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் மார்ட்டின் பூபர் அந்தக் கூடத்தை மறுபடி திறந்தார். வேலையையும் பள்ளியையும் விட்டுத் துரத்தப்பட்டவர்கள், நாம் யார் என்று கேட்டுக்கொள்ள ஓர் இடம் தேவைப்பட்ட காலம் அது.

இருபத்துநான்கு மறுப்புகள்

கருத்து மோதல் வரும்போது என்ன செய்வது? இதற்கு மரபிலேயே ஒரு வழி இருக்கிறது. ஹில்லேல், ஷம்மாய் என்ற இரு ஆசான்களின் சீடர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். கடைசியில் நடைமுறைக்கு வந்தது ஹில்லேல் தரப்பு. அவர்கள் தங்கள் கருத்துக்கு முன்னால் எதிர்த்தரப்பின் கருத்தைச் சொல்வார்கள், அதுவும் ஒரு காரணம் என்கிறது தல்மூத். இன்றைக்கும் வாதம் சூடேறினால், "அவர் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள், பிறகு மறுத்துப் பேசலாம்" என்று கேட்டுப் பார்க்கலாம். பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

அடங்காமல் போன கதையும் தல்மூதில் இருக்கிறது. ரேஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரன். ரப்பி யோஹனான் அவனைப் படிப்பின் பக்கம் திருப்பி, தன் தங்கையையும் மணமுடித்துக் கொடுத்தார். இருவரும் இணைபிரியாமல் படித்தார்கள். ஒருநாள் கத்தி, வாள் பற்றி ஒரு சட்டச் சிக்கல். ஒரு வாள் எப்போது முழுமையடைகிறது? உலையில் பதப்படுத்தும்போது என்றார் யோஹனான். தண்ணீரில் முக்கி மெருகேற்றும்போது என்றார் ரேஷ் லாகிஷ். வாதத்தில் சூடான யோஹனான், கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாமலா இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

அத்தனை பேர் முன்னால், என்றோ விட்டுவிட்ட பழைய வாழ்க்கையை எடுத்து வீசியது மாதிரி ஆகிவிட்டது. ரேஷ் லாகிஷும் சுடச்சுடப் பதில் சொன்னார். பிறகு படுத்த படுக்கையானார். தங்கை அழுதுகொண்டு ஓடிவந்து கெஞ்சியும் யோஹனான் இறங்கி வரவில்லை. ரேஷ் லாகிஷ் இறந்துபோனார்.

துக்கத்தில் இருந்த யோஹனானைத் தேற்ற எலாசர் என்ற அறிஞரைத் துணையாக அனுப்பினார்கள். அவர் என்ன சொன்னாலும், ஆமாம், அதற்கு ஆதாரம் இருக்கிறது என்றார் எலாசர். யோஹனானுக்குத் தாங்கவில்லை. லாகிஷ் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இருபத்துநான்கு மறுப்பு சொல்வான், நான் இருபத்துநான்கு பதில் சொல்வேன், அதில்தான் விஷயம் தெளிந்தது. நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா என்று கேட்டார். எங்கே போனாய் என்று நண்பன் பெயரைச் சொல்லிக் கதறியபடி அலைந்தார். புத்தி பேதலித்து, அவரும் இறந்தார்.

ஹவ்ருதாவைப் பற்றிப் பேசும் இடங்களில் இந்தக் கதையை அடிக்கடி எடுப்பார்கள். கலந்துரையாடல் நடத்தப் பழகுகிறவர் இதை வைத்துக்கொண்டு கேட்க எத்தனையோ இருக்கிறது. யோஹனான் வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறியதா? தங்கை வந்து நின்றபோதாவது ஏன் மனம் இறங்கவில்லை? அந்தச் சொல் விழுந்த கணத்தில் சுற்றியிருந்த மாணவர்கள் ஒருவரும் வாய் திறந்ததாகக் கதையில் இல்லை. அவர்களில் ஒருவர் பேசியிருந்தால், என்ன சொல்லியிருக்க வேண்டும்?