கண்டி விளையாட்டுக் கழகம் ஊருக்கு உரியதான வரலாறு



திகனவிலிருந்து கண்டி நோக்கி வரும் பெருவழி பல்லேகலையையும் குண்டசாலையையும் தொட்டு, மகாவலி கங்கையைக் கடந்து நகரை அடைகிறது. கண்டி விளையாட்டுக் கழகம் றக்பி ஆடும் நாள்களில் இவ்வழிநெடுகக் கடைகளிலும் பேருந்துகளிலும் அதைப் பற்றிய பேச்சே மிகுந்திருக்கும். "நம்முடைய கழகம்" என்று சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே உரிமை கொண்டாடுவர். ஆயினும் 1874-ஆம் ஆண்டில் அக்கழகம் தோன்றியபோது, இவ்வாறு உரிமை கொண்டாடும் மக்களுள் எவருக்கும் அதில் இடம் இருக்கவில்லை. துரைமாரின் கழகம் எவ்வாறு ஊரின் கழகமாயிற்று என்பதே இன்று நாம் ஆராயப் புகும் செய்தி.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். றக்பியும் உதைபந்தாட்டம் என்னும் குடும்பத்தைச் சேர்ந்ததே. இங்கிலாந்தில் றக்பி என்னும் ஊரிலுள்ள பள்ளிக்கூடத்தின் பெயரை அது தாங்கி நிற்கிறது. பந்து உருண்டையன்று; இருபுறமும் கூம்பிய முட்டை வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. தோழனிடம் கொடுப்பதாயின் பின்புறமாகவோ பக்கவாட்டிலோதான் கொடுக்க வேண்டும். பந்தோடு ஓடுபவனை எதிரணியினர் கட்டிப் பிடித்து வீழ்த்துவர். அணிக்குப் பதினைவர். இவ்வாட்டத்தின் விதிகளை வகுக்கும் சங்கம் லண்டனில் நிறுவப்பெற்றது 1871-இல். அதற்கு மூன்றே ஆண்டுகளின் பின் மலைநாட்டுத் தலைநகரில் விளையாட்டுக் கழகம் ஒன்று எழுந்தது என்றால், அதற்குக் காரணம் வேண்டுமல்லவா?

காரணம் கோப்பி. 1867-இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைகளும், திகன அமைந்துள்ள தும்பறைப் பள்ளத்தாக்கும் அக்காலத்தில் தோட்டங்களால் நிறைந்திருந்தன. இராஜவெல்ல என்னும் பெயர் அன்றைய தோட்டக்காரரிடையே நன்கு அறியப்பட்டது. ஸ்கொத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த இளம் துரைமார் மலைக்கொருவராகத் தனித்து வாழ்ந்தனர். வார இறுதியில் குதிரையேறி நகருக்கு வந்து தம் இனத்தாரோடு கூடவும், ஆடவும், அருந்தவும் அவர்களுக்கு ஓரிடம் தேவைப்பட்டது. கிரிக்கெட், டெனிஸ், றக்பி எனப் பலவற்றுக்கும் பொதுவான கழகம் அவ்வாறு பிறந்தது. கொழும்பு உதைபந்தாட்டக் கழகத்தின் முதல் றக்பி ஆட்டமே 1879 ஜூன் மாதத்தில்தான் நடைபெற்றது என்பதை நோக்கினால், கண்டியாரின் முந்துதல் விளங்கும்.

அந்தக் கோப்பியைப் பறித்தவர் யாவர்? திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து மாத்தளை வழியே நடந்து வந்த நம் மக்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் இரையானோர் ஆயிரக்கணக்கானோர். தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்தால் துண்டுப் புத்தகத்தில் ஒரு "பேர்" விழும். அளவு குறைந்தால் அரைப்பேர். விளையாடப் போகிறேன் என்று சொல்லி ஒருவர் ஒரு பேரை இழக்க முடியுமா? துரைக்கு மாதச் சம்பளம். அவர் பிற்பகலில் பந்தோடு ஓடினாலும் அது குறையாது. விளையாட்டு என்பது ஊதியம் கருதாத உயர்ந்த பொழுதுபோக்கு என்று அவர்கள் பேசியது இந்நிலையில் நின்றுகொண்டுதான்.

இவ்வழக்கு இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வட இங்கிலாந்தில் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்தோர் றக்பியில் வல்லவராயினர். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போயிற்று. அவ்விழப்பை ஈடுசெய்யக் கழகங்கள் முன்வந்தன. லண்டனிலிருந்த சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்டு 29-ஆம் நாள் ஹடர்ஸ்பீல்டு நகரின் விடுதியொன்றில் வடநாட்டுக் கழகங்கள் கூடித் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. எஞ்சிய பெருஞ்சங்கமோ ஊதியம் என்ற சொல்லையே தீண்டாமல் நூறாண்டு காத்தது. கண்டியின் கழகமும் அந்தப் பெருஞ்சங்கத்தின் மரபையே பின்பற்றியது.

இதற்கிடையே கோப்பி அழிந்தது. 1869-இல் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குள் மலைகளை மொட்டையாக்கிற்று. தேயிலை வந்தது, துரைமார் நிலைத்தனர், கழகமும் நிலைத்தது.

இனி, கதையின் திருப்பத்துக்கு வருவோம். அது தோட்டத்தில் நிகழவில்லை, பள்ளிக்கூடத்தில் நிகழ்ந்தது. லூயி எட்மண்ட் பிளேஸ் என்னும் பறங்கியர் இனப் பெரியார் 1891 மே 4-ஆம் நாள் கண்டியில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். முதல் நாள் வந்த மாணவர் பதினொருவர். றக்பிக்கு ஓர் அணி சேர்க்கவும் போதாத எண்ணிக்கை! பிற்காலத்தில் கிங்ஸ்வூட் கல்லூரி எனப் பெயர் பெற்ற அப்பள்ளியில், அதே ஆண்டில் அவர் றக்பியைப் புகுத்தினார். இந்நாட்டில் பள்ளி மாணவர் கைக்கு அப்பந்து வந்தது அப்போதுதான். துரைமார் வேலிக்குள் வைத்திருந்த ஆட்டத்தை எளிய பள்ளியொன்று எடுத்து ஊர்ப் பிள்ளைகளிடம் கொடுத்தது என்பதை நான் சிறு செய்தியாகக் கருதவில்லை. அக்கழகத்தின் உண்மையான இரண்டாம் பிறப்பு அதுவே என்பேன்.

திரித்துவக் கல்லூரியும் தொடர்ந்தது. அதன் அதிபர் ஏ. ஜி. பிரேசர் காலத்தில், 1906-இல், இரு கல்லூரிகளும் போகம்பறை மைதானத்தில் மோதின. இலங்கையில் இரு பள்ளிகள் ஆடிய முதல் றக்பிப் போட்டி அது. ஆளுக்கு 6 புள்ளிகள்; வெற்றி தோல்வி இல்லை. எல்லைக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அந்நாளில் 3 புள்ளிகள்தாம், இன்று 5. (போகம்பறை என்றவுடன் சிறைச்சாலையை நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அச்சிறை 2014-இல் மூடப்பட்டுப் பல்லேகலைக்கு, திகன வழிக்கு, இடம் மாறிவிட்டது.)

பள்ளியில் ஆடிப் பழகிய இளைஞன் வளர்ந்தபின் எங்கே ஆடுவது? கொழும்பில் அவ்வினாவுக்கு விடையாக 1922-இல் இலங்கையருக்கென்றே ஒரு றக்பிக் கழகம் அமைந்தது. கண்டியில் தனிக் கழகம் எழவில்லை; பழைய கழகத்தின் கதவுதான் மெல்ல மெல்லத் திறந்தது. சுதந்திரத்தின் பின் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். 1972-இலும் 1975-இலும் நிறைவேறிய நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அதுவரை கிளிபர்ட் கிண்ணத்துக்காகக் கண்டியோடு போட்டியிட்ட திம்புள்ளை, டிக்கோயா, ஊவா ஆகிய மலைநாட்டுக் கழகங்கள் ஆளின்றி மெலிந்தன. அவற்றின் பின்னால் இருந்தவை தோட்டங்கள் மட்டுமே. கண்டிக்குப் பின்னாலோ கல்லூரிகள் இருந்தன. ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர் வந்துகொண்டே இருந்தனர். நித்தவெலை மைதானத்தில் துரைமார் அமர்ந்த இடத்தில் கடைக்காரரும் ஆசிரியரும் முச்சக்கரவண்டி ஓட்டுநரும் அமர்ந்தனர்.

1995 ஆகஸ்டு மாதத்தில் பாரிஸ் நகரில் கூடிய அனைத்துலக றக்பிச் சபை, நூறாண்டுத் தடையை நீக்கி, ஆட்டக்காரர் ஊதியம் பெறலாம் என்று அறிவித்தது. கண்டிக் கழகம் தேசியப் போட்டிகளில் ஓங்கி நின்ற காலமும் அதுவே. வெளிநாட்டு வீரர்கள், சிறப்பாகப் பிஜித் தீவினர், நித்தவெலைக்கு வந்து ஆடினர். வணிக நிறுவனங்களின் பெயர்கள் சட்டைகளில் ஏறின. கொழும்புக் கழகங்களுக்குச் சென்றுவிடக்கூடிய இளைஞரைப் பணம் கொடுத்து மலைநாட்டிலேயே இருத்திக்கொள்ளவும் முடிந்தது. பணம் வந்தால் பாசம் போகும் என்று அஞ்சியோர் உண்டு. நித்தவெலையில் திரளும் கூட்டத்தைக் கண்டால் அந்த அச்சத்துக்கு அடிப்படை தோன்றவில்லை. ஆனால் ஆட்டக்காரனின் காலம் குறுகியது. முழங்கால் ஒன்று முறிந்தால் வருவாய் நின்றுவிடும். ஆதலால் பலர் வேறொரு வேலையையும் கைவிடாது வைத்திருக்கின்றனர். தரைப்படை, கடற்படை, வான்படை, பொலிஸ் ஆகியவற்றின் அணிகளில் சேர்ந்து ஆடுவோர்க்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு என்பதால், கண்டியின் கல்லூரிப் பிள்ளைகளுள் சிலர் நித்தவெலையை விட்டு அவ்வணிகளை நாடிச் செல்வதும் நிகழ்கிறது.