அவிச்ச கடலைக்குள் உப்பு போவது எப்படி?



கடலை அவிக்க யாருக்குத் தெரியாது, இதற்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஆச்சி சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாயங்காலம் அவிச்ச கடலை விற்கிறார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "வீட்டுல அவிச்சா உப்பு ஓட்டுலயே நிக்கி, பருப்புக்குள்ள ஏறவே மாட்டேங்கு, நீங்க என்ன செய்தீங்க?" என்பதுதான். என் வகுப்புத் தோழிகளும் கேட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் கடலையைப் பற்றிக் கொஞ்சம். இது தென் அமெரிக்காவில் பிறந்த செடி. நாம் நிலக்கடலை, வேர்க்கடலை என்கிறோம். விழுப்புரம், கடலூர் பக்கம் மல்லாட்டை என்பார்கள், மணிலாக்கொட்டை என்ற பெயர் சுருங்கி அப்படி ஆனது. வேர்க்கடலை என்ற பெயர் உண்மையில் பொருந்தாது. இது வேரில் காய்ப்பதே இல்லை! மஞ்சள் பூ மண்ணுக்கு மேலேதான் பூக்கும். பூ வாடிய பிறகு அதிலிருந்து ஒரு விழுது கீழே இறங்கி, மண்ணுக்குள் நுழைந்து அங்கே காயாகும். செடியைப் பிடுங்கும்போது பார்த்தால் தெரியும். பயறு, உளுந்து மாதிரி இதுவும் அவரைக் குடும்பம்தான். 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது.

அவிக்க மிகவும் நல்லது காட்டிலிருந்து பிடுங்கி வந்த பச்சைக் கடலை. அது கிடைக்காத மாதங்களில் காய்ந்த கடலையை ராத்திரியே தண்ணீரில் ஊற வைத்துவிட வேண்டும், 8 மணி நேரமாவது. எதுவானாலும் மண் போக மூன்று நான்கு தண்ணீரில் அலச வேண்டும். காய்ந்த கடலை என்றால் ஊற வைப்பதற்கு முன்பே சுளகில் போட்டுப் புடைத்தால் பொக்கு எல்லாம் முன்னால் வந்துவிடும்.

1 கிலோ பச்சைக் கடலைக்கு எங்கள் வீட்டுக் கணக்கு: கல் உப்பு சுமார் 80 கிராம் (ஆச்சி கையில் அது இரண்டு சின்னப் பிடி), மஞ்சள் தூள் அரை ஸ்பூன், கடலைக்கு மேல் நான்கு விரல் நிற்கிற அளவு தண்ணீர். உப்பு அதிகம் என்று பயப்பட வேண்டாம், பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். கடலை மிதக்கும். அதனால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கழுவிய கல் ஒன்றை வைத்து அமுக்கிவிட வேண்டும். விறகு அடுப்பில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். ஊறிய காய்ந்த கடலை என்றால் இன்னும் ஒரு மணி நேரமாவது கூட ஆகும். குக்கரில் வைத்தால் பச்சைக்கு 4 விசில், காய்ந்ததற்கு 8 விசில். ஆனால் குக்கரில் பாதிக்கு மேல் கடலை போடக் கூடாது.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. வெந்ததும் எல்லாரும் உடனே தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். அப்படி வடித்தால் உப்பு ஏறாது. கடலை ஓட்டுக்குள் பருப்பைச் சுற்றி வெற்றிடம் இருக்கிறது அல்லவா, அதில் காற்று இருக்கும். அதனால்தான் மிதக்கிறது. கொதிக்கும்போது அந்தக் காற்று வெளியேறி, உள்ளே நீராவி நிரம்பிவிடும். அடுப்பிலிருந்து இறக்கியதும் நீராவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, வெளியே இருக்கிற உப்புத் தண்ணீர் ஓட்டில் உள்ள நுண்துளைகள் வழியாக உள்ளே இழுக்கப்படும். அதன் பிறகு விரவல் முறையில் உப்பு மெதுவாகப் பருப்புக்குள் போகும். ஆகவே வெந்த பிறகு அதே தண்ணீரில் குறைந்தது ஒரு மணி நேரம் கிடக்க வேண்டும். மிதந்த கடலை ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆச்சிக்கு விரவல் என்றால் என்னவென்று தெரியாது. "கடல முங்கிட்டா வடிச்சிரலாம்" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான்.

சிலர் மிளகாய், பூண்டு எல்லாம் தட்டிப் போடுகிறார்கள். உப்பு ஏறுகிற மாதிரி காரம் ஏறாது. ஏனென்றால் மிளகாயின் காரப் பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில்தான் கரையும். மசாலா ருசி வேண்டுமென்றால் அவிப்பதற்கு முன் ஒவ்வொரு கடலையையும் நுனியில் லேசாக நசுக்கிவிட வேண்டும், பிளந்துவிடக் கூடாது. அப்புறம் தட்டிய பூண்டு 10 பல், வற்றல் மிளகாய் 6, ஒரு கொத்துக் கருவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம் போட்டு அவித்தால் வாசம் நன்றாக ஏறுகிறது. சீனாவில் அன்னாசிப்பூ போட்டு அவிப்பார்களாம். நானும் ஒன்று போட்டுப் பார்த்தேன். தங்கச்சி தின்றுவிட்டு, "பிரியாணிக் கடை வாசம் அடிக்கு" என்றாள். எனக்குப் பூண்டுதான் பிடிக்கும். (அமெரிக்காவிலும் அவித்த கடலை உண்டு. தெற்கு கரோலினா மாநிலம் 2006-ல் அதைத் தன் அதிகாரப்பூர்வத் தின்பண்டமாக அறிவித்தது!)

ஒரு முக்கியமான எச்சரிக்கை. போன மழைக்காலத்தில் ஒரு வியாபாரியிடம் ஆச்சி ஒரு மூட்டை காய்ந்த கடலை வாங்கினார்கள். வீட்டில் அவிழ்த்துக் கொட்டினால், அடியில் கிடந்தது எல்லாம் ஓடு கறுத்து, உடைத்துப் பார்த்தால் பருப்பில் பச்சையாகப் பூசணம். மூன்றில் ஒரு பங்கு அப்படித்தான் இருந்தது. அந்த வாரம் தங்கச்சிக்கு நோட்டு வாங்கக்கூட அந்த வியாபாரத்தைத்தான் நம்பி இருந்தோம். அம்மா, "நல்லா அவிச்சா எல்லாம் போயிரும்லா அத்தை?" என்று கேட்டார்கள். ஆச்சி, "ஏட்டி, உம் புள்ளைக்குக் குடுப்பியா இத?" என்று கேட்டுவிட்டு, கெட்டதை எல்லாம் பொறுக்கி எரித்துவிட்டார்கள். ஆட்டுக்குக்கூடப் போடவில்லை.

ஆச்சி செய்ததுதான் சரி. அந்தப் பூசணத்தின் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளடாக்சின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. ஏதோ புது நோய் என்று நினைத்தார்கள். கடைசியில் பார்த்தால், தீவனத்தில் கலந்திருந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். இந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும், புற்றுநோயும் வரலாம். பூசணம் வெந்து செத்துப் போனாலும் அது விட்டுச் சென்ற நஞ்சு கொதிக்கிற தண்ணீரில் அழிவதில்லை. அறுவடை செய்த கடலையை ஈரத்தோடு மூட்டை கட்டினாலும், ஓடு உடைந்தாலும், பூச்சி துளைத்தாலும் பூசணம் உள்ளே புகுந்துவிடும். கடலையில் ஈரம் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும், அதுதான் நம் வீட்டுச் சோதனை. தின்னும்போது ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.

அவித்த கடலையும் அன்றைக்கே தின்ன வேண்டியதுதான். மறுநாள் கொழகொழவென்று ஆகி, புளிப்பு வாடை அடிக்கும். ஆச்சி மிச்சம் வந்ததை விற்க மாட்டார்கள். வெயில் காலமாக இருந்தால் அன்று ராத்திரியே வடிகட்டிப் பரப்பி வைத்து, விடிந்ததும் மொட்டை மாடியில் நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயப் போடுவோம். காய்ந்த பிறகு தகர டப்பாவில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கொஞ்சம் அழுத்தமாக, உப்பும் இனிப்புமாக இருக்கும். அது எங்கள் வீட்டில் விற்பனைக்கு இல்லை, மழைக்காலத்தில் எங்களுக்கு.