கரை காத்தல்

நீரைத் தேக்குதல் எளிது. தேக்கிய நீரைக் காத்தலே அரிது. மண் அணைக்கு இன்றியமையாதன மூன்று: உறுதியான கரை, வேண்டும்பொழுது நீரை இறக்கும் மதகு, மிகுந்த வெள்ளத்தைக் கழிக்கும் கலிங்கு. வெள்ளம் கரைமேல் வழியுமாயின், மண் அரிப்புண்டு அணை உடையும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சவுத் போர்க் என்னும் ஊரருகே 72 அடி உயரமுள்ள மண் அணை ஒன்று இருந்தது. கால்வாய்க்கு நீர் தருதற்பொருட்டு எழுந்த அவ்வணை, பின்னர்ச் செல்வர் சிலரின் பொழுதுபோக்குக் கழகத்திற்கு உரியதாயிற்று. அவர்கள் அங்குப் படகு செலுத்தியும் மீன் பிடித்தும் மகிழ்ந்தனர். ஆனால், முன்னரே பெயர்த்து விற்கப்பட்ட வடிகுழாய்கள் மீண்டும் அமைக்கப்படவில்லை. வண்டிகள் செல்வதற்காகக் கரையின் உச்சி தாழ்த்தப்பட்டது. மீன்கள் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தட்டிகள் இடப்பட்டன.

1889ஆம் ஆண்டு மே மாத இறுதியில் பெருமழை பொழிந்தது. குப்பை கூளங்கள் தட்டிகளை அடைத்தன. நீரை இறக்கவோ வழியில்லை. பணியாளர் கரையை உயர்த்த முயன்றும் பயனில்லாது போயிற்று. மே 31ஆம் நாள் பிற்பகல் அணை உடைந்தது. 14 மைல் கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரை வெள்ளம் தாக்கியது. 2,200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்பத்திற்கென அமைந்த ஏரியாயினும் நீரின் இயல்பு மாறுவதன்று. கலிங்கில் தங்கும் சருகையும், கரையில் தோன்றும் சிறு கசிவையும் உடனுக்குடன் நோக்கிச் சீர்செய்தல் அணைக்கு உரியோரின் நீங்காக் கடமையாகும்.