வேலி இல்லாத ஊர்

பக்கத்து வயல்காரர் வரப்பைத் தாண்டி ஒரு சால் கூடுதலாக உழுதுவிட்டால் என்ன செய்வீங்க, நேயர்களே?

இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம்ஷயர் பக்கம், லாக்ஸ்டன் என்று ஒரு சின்ன ஊர். மூன்று பெரிய வயல்வெளிகள். உள்ளே வேலியே கிடையாது! இடைக்காலத்தில் செய்த மாதிரியே, இன்றைக்கும் ஆளுக்குச் சில துண்டு நிலமாகப் பிரித்துப் பயிர் செய்கிறார்கள். நாடு முழுக்க வேலி போட்டு வளைத்த காலத்திலும் இந்த ஊர் எப்படியோ தப்பிவிட்டது.

நவம்பர் கடைசியில், குளிரோடு குளிராக, விவசாயிகளே நடுவர்களாகக் கிளம்புவார்கள். கோதுமை வயலைச் சுற்றிப் பார்த்து, எல்லையில் முளைக்குச்சி அடிப்பார்கள். அத்துமீறியவருக்கு அபராதம்!

அதை உறுதிசெய்யும் ஊர் நீதிமன்றம் கூடுவது எங்கே தெரியுமா? உள்ளூர் மதுக்கடையில்! விளையாட்டு என்று நினைத்துவிடாதீங்க. அதன் அதிகாரம் இன்றும் சட்டப்படி செல்லும்.